கடித்த நாய்க்கு வீட்டுக்கே வந்து பயிற்சி: பெங்களூரில் எங்கள் அனுபவம்

பெங்களூரில் மனிதரைக் கடித்த நாய்களுக்கு மட்டும் வீட்டுக்கு வந்து பயிற்சி கொடுக்கும் ஒரு அம்மாவைப் பற்றி எழுதுகிறேன். கே.ஜி.எஃப். எனும் கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்தவர். வீட்டில் தமிழ், வெளியில் கன்னடம், இரண்டும் தண்ணீராகப் பேசுவார். பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். கால்நடை மருத்துவர் அனுப்பி வைப்பவர்களை மட்டும்தான் அவர் எடுத்துக்கொள்கிறார். நேரே கூப்பிட்டால் "முதல்ல டாக்டரைப் பாருங்க, அப்புறம் பேசலாம்" என்று சொல்லி வைத்துவிடுவார். ஆகவே பெயர் தெரிந்தும் பெரிய பயனில்லை. அவர் வேலை செய்யும் முறை தெரிந்தால், இந்த வேலைக்கு யாரைக் கூப்பிடுவது, யாரை வாசலோடு அனுப்பிவிடுவது என்று நீங்களே முடிவு செய்யலாம். அதற்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

எங்கள் நாய் சீனு. லாப்ரடாரும் நாட்டு நாயும் கலந்தவன், ஆறு வயது, முப்பது கிலோவுக்கு மேல் இருப்பான். அல்சூரில் முதல் மாடியில் வாடகை வீடு. நான், கணவர், எட்டாவது படிக்கும் மகள், அத்தை. தெருமுனையில் இஸ்திரி வண்டி போட்டிருக்கும் அண்ணன் திருவண்ணாமலைப் பக்கத்துக்காரர், பல வருஷப் பழக்கம். ஒரு நாள் துணி மூட்டையை வாசலுக்குள் வைத்துவிட்டு, எப்போதும் செய்வதுபோல சீனுவின் இடுப்பைத் தட்டிக் கொடுக்கக் குனிந்தார். சீனு சட்டென்று திரும்பி அவர் முன்கையைக் கவ்விவிட்டான். ஒரே கடி, உடனே விட்டும்விட்டான். ஆனால் மூன்று இடத்தில் பல் இறங்கியிருந்தது.

அண்ணனின் கையைக் குழாயடியில் பிடித்து, சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவினோம். பிறகு பௌரிங் ஆஸ்பத்திரி. பல் தோலைத் துளைத்துவிட்டால் உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் அது மூன்றாம் வகைக் கடி. காயத்துக்குள்ளும் அதைச் சுற்றியும் வெறிநோய்க் கிருமியை உடனே எதிர்க்கும் இம்யூனோகுளோபுலின் மருந்தைப் போட்டு, தடுப்பூசியை 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் தோலுக்குள் போடுகிறார்கள். சீனுவுக்கு ஒவ்வொரு வருடமும் வெறிநாய்த் தடுப்பூசி போட்ட அட்டை கையிலேயே இருந்தது. அதைப் பார்த்தும் மருத்துவர் அண்ணனின் ஊசியைக் குறைக்கவில்லை, அதுதான் சரி. நாயை 10 நாள் கண்காணிக்கச் சொன்னார்கள். வலது கை என்பதால் அண்ணனால் கரிப்பெட்டியைத் தூக்க முடியவில்லை. வேலைக்குப் போகாத நாட்களின் கூலியைக் கொடுத்தோம். "பரவால்லம்மா, வாயில்லா ஜீவன்" என்றார். அவர் சொல்லலாம். நாங்கள் அப்படிச் சொல்லிக்கொண்டு இருந்துவிட முடியாது. வளர்ப்பவரின் அஜாக்கிரதையால் பிராணி மனிதருக்கு ஆபத்து விளைவித்தால் நாட்டின் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கலாம். ஆனால் சட்டத்தைவிட எனக்குப் பெரிதாகப் பட்டது, கையை நம்பிப் பிழைக்கும் ஒருவரின் கை எங்கள் வீட்டு வாசலில் கிழிந்தது என்பதுதான்.

முதலில் தெரிந்தவர் ஒருவர் சொன்ன இடத்தைப் பார்த்தோம். ஊருக்கு வெளியே, நாயை ஒரு மாதம் விட்டுவிட்டு வரும் பயிற்சிப் பண்ணை. போனிலேயே, காயத்தைப் பற்றி ஒரு வார்த்தை கேட்காமல், "கடிக்கிற குணத்தை அடியோட எடுத்துடுவோம், கேரண்டி எழுதித் தர்றோம்" என்றார்கள். மாதத்துக்கு நாற்பதாயிரம். நேரில் போய்ப் பார்த்தபோது நாய்கள் வரிசையாக, அசையாமல், வாலை ஒடுக்கி நின்றன. ஒவ்வொன்றின் கழுத்திலும் மின் அதிர்ச்சி கொடுக்கும் சின்னக் கறுப்புப் பெட்டி, பையன் கையில் அதன் ரிமோட். ஒரு ஜெர்மன் ஷெப்பர்ட் எங்களைப் பார்த்து மெல்ல உறுமியது. பையன் பொத்தானை அழுத்தினான், உறுமல் நின்றுபோனது. "பார்த்தீங்களா, எவ்வளவு அமைதி" என்றார் உரிமையாளர். சீனுவை வண்டியிலிருந்து இறக்காமலே திரும்பினோம். முன்பணம் திரும்பி வரவில்லை.

அந்த உறுமலைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். உறுமல் என்பது நாய் கொடுக்கும் எச்சரிக்கை. அதற்கு முன்பே உதட்டை நக்கும், முகத்தைத் திருப்பும், தூக்கம் இல்லாமலே கொட்டாவி விடும், கண்ணின் வெள்ளை தெரியப் பார்க்கும், உடம்பு கல்லாக இறுகும். இதையெல்லாம் யாரும் மதிக்காவிட்டால் உறுமும், அதற்கும் அடி விழுந்தால் அடுத்த முறை உறுமாமல் கடிக்கும். பயம் அப்படியேதான் இருக்கும், சத்தம் மட்டும் போயிருக்கும். அமெரிக்காவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்தவர்கள் 2009இல் வெளியிட்ட ஆய்வில், நாயை அடித்தோ உதைத்தோ திருத்தப் பார்த்தவர்களில் 43 சதவீதம் பேர், நாய் பதிலுக்குச் சீறியதாகவோ கடிக்க வந்ததாகவோ சொல்லியிருக்கிறார்கள். நாயை மல்லாக்கப் போட்டு அமுக்கியவர்களில் 31 சதவீதம். கடிக்கு மருந்தென்று இதை விற்பது எனக்குப் பெரிய அநியாயமாகப் படுகிறது. இந்த நாய்கள் திரும்பிப் போவது குழந்தைகள் இருக்கும் வீடுகளுக்கு.

சரி, நம் கே.ஜி.எஃப். அம்மாவுக்கு வருவோம். எங்கள் கால்நடை மருத்துவர்தான் எண்ணைக் கொடுத்தார். போனில் அவர் கேட்ட முதல் கேள்வி, "கடிபட்டவர் எப்படி இருக்கார்? ஊசி முழுசும் போட்டாச்சா?" அடுத்தது, காயத்தின் படம். பிறகு, எந்த அறை, யார் எங்கே நின்றார்கள், நாய் என்ன செய்துகொண்டிருந்தது, கடித்தபின் விட்டதா தொங்கியதா, இதற்கு முன் எப்போதாவது யார் மேலாவது பல் பட்டதா. பணத்தைப் பற்றிய பேச்சு இதெல்லாம் முடிந்த பிறகுதான் வந்தது.

காயத்தின் படம் எதற்கு என்று நேரில் வந்தபோது விளக்கினார். இயான் டன்பார் என்ற கால்நடை மருத்துவர் வகுத்த ஆறு படிகள் கொண்ட அளவுகோல் ஒன்று இருக்கிறது. நாயின் கோபத்தை அது அளப்பதில்லை, காயத்தை மட்டும் அளக்கிறது. முதல் படியில் பல் தோலைத் தொடாது, காற்றில்தான் கடிக்கும். இரண்டில் பல் படும், துளைக்காது. மூன்றாவது படி, ஒரே கடியில் ஒன்று முதல் நான்கு துளை, எதுவும் கோரைப்பல்லின் பாதி நீளத்துக்கு மேல் இறங்கியிருக்காது. நான்கில் அதைவிட ஆழம், அல்லது கவ்வி உலுக்கிய காயம். ஐந்தில் அப்படிப்பட்ட ஆழமான கடி பல. ஆறு, மரணம். முப்பது கிலோ நாய் முழுப் பலத்தோடு கடித்தால் எலும்பே நொறுங்கலாம். தோலோடு நிறுத்தியிருக்கிறது என்றால் தன் தாடையை அடக்கத் தெரிந்த நாய் என்று அர்த்தம். அந்த அடக்கம் குட்டியாக இருக்கும்போது கற்றுக்கொள்வது, வளர்ந்த நாய்க்கு அதைச் சொல்லிக் கொடுக்க முயல்வதே ஆபத்து. அதனால்தான் காயத்தின் ஆழம் இனி நடக்கப்போவதைப் பற்றி அவ்வளவு சொல்கிறது. சீனு மூன்றாவது படி. "முயற்சி பண்ணலாம். ஆனா வீட்டில எல்லாரும் ஒத்துழைச்சாத்தான்" என்றார்.

வந்த அன்று இரண்டு மணி நேரம் இருந்தார். பாதி நேரம் சீனுவைத் தொடவே இல்லை, பார்க்கவும் இல்லை. சோபாவில் பக்கவாட்டில் உட்கார்ந்து அத்தையோடு பேசிக்கொண்டே, அவன் நடப்பதையும் படுப்பதையும் கவனித்தார். எழுந்திருக்கும்போது பின்கால் இரண்டையும் சேர்த்து வைத்து முயல்போல் எழுகிறான் என்று காட்டினார். "இவனுக்கு இடுப்பு வலிக்குது. எக்ஸ்ரே எடுக்காம நான் அடுத்த தடவை வர மாட்டேன்." ஹெப்பால் கால்நடைக் கல்லூரி மருத்துவமனையில் எடுத்தோம். இரண்டு இடுப்பு மூட்டும் தேய்ந்திருந்தன. லாப்ரடார் ரத்தத்தில் இது அடிக்கடி வருவது. அண்ணனின் கை பட்டது சரியாக அந்த இடத்தில்.

மருத்துவர் வலி மருந்து கொடுத்தார், எடையைக் குறைக்கச் சொன்னார். சில வாரங்களில் சீனு மாடிப்படி ஏறும் விதமே மாறியது. கடிக்கும் நாய் என்று வரும் பலவற்றுக்குள் வலி ஒளிந்திருக்கிறது. காதுச் சீழ், உடைந்த பல், முதுகு, மூட்டு என்று எங்கேயும் இருக்கலாம். வலியைத் தேடாமல் பயிற்சியை ஆரம்பிப்பவரிடம் பணம் கட்டாதீர்கள் என்றுதான் நான் எல்லாரிடமும் சொல்கிறேன். பயம் மிக அதிகமாக இருக்கும் நாய்களுக்கு ஃப்ளூஆக்ஸெடின் போன்ற, பதற்றத்தைக் குறைக்கும் மருந்தையும் மருத்துவர்கள் கொடுக்கிறார்கள். அது முழுதாக வேலை செய்ய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். எங்களுக்கு அது தேவைப்படவில்லை. இந்த அம்மா மருந்தின் பெயரைக்கூடத் தானாகச் சொல்வதில்லை. "அது டாக்டர் வேலை" என்று ஒதுங்கிவிடுவார். அதுவும் எனக்குப் பிடித்தது.

அடுத்து வீட்டுக்குள் சில மாற்றங்கள் செய்தார். சீனுவுக்கும் வாசலுக்கும் நடுவில் எப்போதும் இரண்டு தடுப்பு இருக்க வேண்டும் என்பது அவர் சட்டம். ஒன்று கை தவறினாலும் இன்னொன்று பிடிக்கும். கூடத்தின் வழியில் இடுப்பளவு கம்பிக் கதவு, வாசலில் உள்தாழ்ப்பாள். யார் வந்தாலும் கம்பிக் கதவு பூட்டிய பிறகே வாசல் திறக்கும். அத்தைக்கு முதலில் கோபம். "என் வீட்ல நானே கதவைத் திறக்கக் கூடாதா?" அவர் அத்தையின் பக்கத்தில் உட்கார்ந்து, "அம்மா, நாயைக் கூண்டில போடல, உங்க பேத்தியோட தோழிங்க பயமில்லாம வரணும், அதுக்குத்தான்" என்று பொறுமையாகச் சொன்னார். இப்போது அந்தக் கதவில் எங்களைவிடக் கறார் அத்தைதான். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் பயிற்சியாளர் தமிழில் பேசுவது எவ்வளவு பெரிய விஷயம் என்று அப்போது புரிந்தது. திட்டம் என்ன, ஏன் என்று அத்தைக்குப் புரியாமல் போயிருந்தால் எல்லாமே ஒரு மத்தியானத்தில் உடைந்திருக்கும்.

வாய்மூடியையும் சொல்லியாக வேண்டும். கடையில் மசில் என்று கேட்டால் முதலில் எடுத்துக் கொடுப்பது துணியால் ஆன குழாய் போன்ற ஒன்று. அது வாயை இறுக்கி மூடிவிடும். நாய் உடல் சூட்டைத் தணிப்பது நாக்கைத் தொங்கவிட்டு மூச்சு வாங்கித்தான், அதற்கு வழியில்லாமல் வெயிலில் நடத்தினால் உயிருக்கே ஆபத்து. மருத்துவரிடம் சில நிமிடங்களுக்கு வேண்டுமானால் சரி. அந்த அம்மா வாங்கச் சொன்னது கூடை மாதிரியானது. அதற்குள் வாயைத் திறக்கலாம், தண்ணீர் குடிக்கலாம், ஓட்டை வழியாக நாம் தீனியும் கொடுக்கலாம். முதல் வாரம் முழுக்க மாட்டவே இல்லை. கூடையின் அடியில் தயிர் தடவி நீட்டினோம், அவனாக மூக்கை நுழைத்து நக்கினான், அவ்வளவுதான். பட்டையைக் கட்டியது ரொம்ப நாள் கழித்து. இன்று அதை எடுத்தாலே வாலை ஆட்டிக்கொண்டு ஓடி வருகிறான். தெருவில் சிலர் முகம் சுளிக்கிறார்கள். சுளிக்கட்டும், அதனால் விலகியும் நடக்கிறார்கள், எங்களுக்கு வேண்டியதும் அந்த இடைவெளிதான்.

பயிற்சி என்று பார்த்தால், ஆள் வருவதையும் இஸ்திரி வண்டியையும் நல்லதோடு சேர்த்து நினைக்க நாயைப் பழக்குவதுதான். மிக மெதுவானது, பார்ப்பவர்களுக்கு அலுப்பாகவும் இருக்கும். எங்கள் வீட்டுக் காலிங்பெல்லின் சத்தத்தைப் போனில் பதிந்து, காதில் விழுந்தும் விழாத அளவுக்கு ஒலிக்கவிட வேண்டும். ஒலித்த பிறகு ஒரு துண்டு வேகவைத்த கோழி ஈரல், பாயின் மேல். வரிசை முக்கியம். ஈரல் டப்பா முதலில் திறந்து, பெல் பின்னால் அடித்தால், டப்பாவே கெட்ட சகுனமாகிவிடும். சத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினோம். வெளியில் இஸ்திரி வண்டிகள் நிற்கும் வேறொரு தெருவில், வெகு தூரத்தில் நின்று இதையே செய்தோம். தூரம் சரிதானா என்று கண்டுபிடிக்க அவர் சொன்ன வழி எனக்கு மிகவும் உதவியது. விரலிலிருந்து உதட்டால் மெல்ல எடுத்தால் சரி. பல் பட வெடுக்கென்று பிடுங்கினால் மனசுக்குள் பதற்றம் ஏறிவிட்டது, பின்னால் போக வேண்டும். வாங்கவே மறுத்தால் அன்றைக்குப் பாடம் முடிந்தது, வீட்டுக்குத் திரும்பு. தீபாவளி வாரத்தில் எல்லாவற்றையும் நிறுத்தச் சொல்லிவிட்டார். காலையில் பட்டாசு, மத்தியானம் விருந்தாளி, சாயங்காலம் இடுப்பு வலி என்று தனித்தனியாகத் தாங்கக்கூடியவை ஒரே நாளில் சேர்ந்தால் நாய் தாங்காது என்றார்.

இதில் ஒன்றை நான் மறக்க மாட்டேன். "அண்ணனையே கூப்பிட்டு ஈரல் போடச் சொன்னால் சீக்கிரம் பழகிவிடுவானா?" என்று என் கணவர் கேட்டார். அந்த அம்மாவின் முகம் மாறிவிட்டது. "கடிபட்டவரை நான் பயிற்சிக்கு உபயோகப்படுத்த மாட்டேன். உங்க நாய் நல்லாகறது அவரோட வேலை இல்ல." அண்ணன் கேட்டிருந்தால் மறுத்திருக்க மாட்டார், எங்கள் வீட்டுத் துணியில் அவருக்கு வருமானம் இருக்கிறது. அப்படி மறுக்க முடியாதவரிடம் கேட்கவே கூடாது என்பதை ஒரு பயிற்சியாளர் சொன்னது எனக்கு மிகப் பெரிதாகத் தெரிந்தது. இப்போது துணியை நாங்களே கீழே கொண்டுபோய் வண்டியில் கொடுக்கிறோம்.

சரி, கடித்த நாய் திருந்துமா? இதை நேராகவே கேட்டேன். "கடிக்காத நாயா மாத்த முடியாது. கடிக்க வேண்டிய அவசியம் வராத மாதிரி வாழ வைக்க முடியும், நிறைய நாய்களை." கடி ஆழமில்லாமல், காரணம் தெரிந்து, எச்சரிக்கை கொடுத்துக் கடித்த நாய், விதிகளைக் கடைப்பிடிக்கும் பெரியவர்கள் இருக்கும் வீடு என்றால் அவர் நம்பிக்கையோடு எடுத்துக்கொள்கிறார். காரணமே பிடிபடாமல், எச்சரிக்கையின்றி, ஆழமாக, திரும்பத் திரும்பக் கடித்த பெரிய நாய், வீட்டில் தவழும் குழந்தை என்றால் எடுப்பதில்லை. அப்படி ஒரு குடும்பத்திடம் "உங்கள் வீட்டில் இது பாதுகாப்பாக நடக்காது" என்று சொல்லி, நாயை வலியில்லாமல் உறங்கவைப்பது பற்றி மருத்துவரிடம் பேசச் சொன்னதாகவும், கட்டணம் வாங்காமல் எழுந்து வந்ததாகவும் சொன்னார். சொல்லும்போது குரல் உடைந்தது. கடித்த வரலாற்றை மறைத்து வேறு வீட்டுக்குத் தத்துக் கொடுப்பதை அவர் மன்னிப்பதே இல்லை. நானும் அவர் பக்கம்தான். நாய் மேல் எவ்வளவு பிரியம் இருந்தாலும், அடுத்த வீட்டுக் குழந்தையை அதற்குப் பணயம் வைக்க யாருக்கும் உரிமையில்லை.

தெருநாய்ப் பேச்சு எங்கும் சூடாக இருப்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம், கருத்தடையும் தடுப்பூசியும் போட்ட தெருநாய்களைப் பிடித்த இடத்திலேயே விடலாம், வெறிநோய் கண்டவற்றையும் ஆக்ரோஷமானவற்றையும் விடக் கூடாது என்றது. எங்கள் வீட்டு உரிமையாளர் அதை நீட்டிக்காட்டி "கோர்ட்டே சொல்லிடுச்சு" என்றார். அது தெருநாய்களைப் பற்றியது. ஆனாலும், ஆக்ரோஷமான நாய் எது என்று தெருவில் யார், எதை வைத்து முடிவு செய்வது? வலியில் ஒருமுறை கவ்வியதும், துரத்திப் பிடித்து உலுக்குவதும் ஒன்றாகிவிடக் கூடாது. நாயை அப்படி நிதானமாகப் பார்த்துச் சொல்லத் தெரிந்தவர்கள் மாநகராட்சிக்கும் வேண்டும்.

குறைகளும் உண்டு. சனி, ஞாயிறு மட்டும்தான் வருகிறார், காத்திருப்பு வாரக்கணக்கில். நடுவில் அனுப்பும் வீடியோக்களுக்குப் பதில் வரத் தாமதமாகிறது. ஒரு முறை சீனு கம்பிக் கதவைப் பார்த்து உறுமியபோது பதிலுக்காக மூன்று நாள் தவித்தோம். எழுத்தில் கொடுக்கும் திட்டம் ஆங்கிலத்தில் இருக்கிறது, அத்தைக்காக மகள் உட்கார்ந்து தமிழில் எழுதி ஃபிரிட்ஜில் ஒட்டினாள். இவ்வளவு நன்றாகத் தமிழ் பேசுபவர் தமிழிலும் கன்னடத்திலும் ஒரு பிரதி வைத்திருக்கலாம். கட்டணம் முதல் வருகைக்கு 3,500 ரூபாய், அடுத்தவற்றுக்கு 2,000. எக்ஸ்ரே, மருந்து, கம்பிக் கதவு தனி. எல்லாருக்கும் கட்டுப்படியாகாது என்பது உண்மை. ஆனால் பண்ணை கேட்டதில் பாதிகூட ஆகவில்லை.

இன்றைய நிலை: பெல் அடித்தால் சீனு தானாகப் பாய்க்குப் போகிறான். வண்டிக்கு அருகே மூடியோடு, கயிற்றோடு, எதிர்ப்பக்க ஓரமாக அமைதியாக நடக்கிறான். வீட்டுக்குள் வருபவர் யாரும் அவனைத் தொடுவதில்லை. அந்த விதி அவன் உள்ளவரை இருக்கும், மருந்தும் இருக்கும். ஐந்துக்கு நாலரை மதிப்பெண் கொடுப்பேன், அரை குறைத்தது அந்தத் தாமதமான பதில்களுக்காக.

அவரைப் போன்ற ஒருவர் வேண்டுமென்றால் உங்கள் கால்நடை மருத்துவரிடம் கேளுங்கள். கூப்பிடும் முன் காயத்தின் படம், கடிபட்டவரின் ஊசி விவரம், நாயின் தடுப்பூசி அட்டை, நாய் படுத்து எழுந்து நடக்கும் வீடியோ, வீட்டில் யார் யார் என்ற பட்டியல் எல்லாம் தயாராக இருக்கட்டும். வீடியோவுக்காகக் கடித்த சூழ்நிலையைத் திரும்ப உண்டாக்க வேண்டாம். அல்சூர், இந்திராநகர், ஃப்ரேசர் டவுன், சி.வி. ராமன் நகர் வரை வருவதற்குப் பயணச் செலவு என்று தனியாக எதுவும் இல்லை. அதற்கு அப்பால் என்றால் ஆட்டோ செலவைத் தனியாகக் கேட்பார்.